சின்னம்மாவின் ரெஸ்டமென்ரரி வழக்கு

எங்கள் ஒழுங்கையில் யாருடைய வீட்டிலாவது செத்தவீடு முடிந்து, எட்டுச் செலவும் கழிந்து, வெளியூர்ச் சொந்தமெல்லாம் பஸ் ஏறிய பிறகு எனக்கு ஒரு போன் வரும். "பிள்ளை, சின்னம்மாட கேஸ் நீங்கதானே ஓடித் திரிஞ்சது, என்னென்ன கடுதாசி வேணும்?" நான் சட்டத்தரணி இல்லை. திருகோணமலைப் பட்டினத்தில் ஒரு இரும்புக்கடையில் கணக்கு எழுதுகிறவள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி வாய் உளைந்துவிட்டது. அதனால், இறந்தவரின் சொத்தை வாரிசுகளுக்கு மாற்ற நடத்தும் ரெஸ்டமென்ரரி வழக்கைப் பற்றி இங்கே எழுதி வைக்கிறேன். சட்டத்தை உங்கள் லோயரிடம் கேளுங்கள். அதைச் சுற்றி நடப்பவற்றை நான் சொல்கிறேன்.

சின்னம்மா என்றால் அம்மாவின் தங்கை. கணித ரீச்சர். கல்யாணம் கட்டவில்லை. உப்புவெளியில் தாத்தா எழுதிக்கொடுத்த வீட்டில் தனியாக இருந்தார். 2022 ஆம் ஆண்டு நடுப்பகுதியில், பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்ற காலத்தில் செத்துப்போனார். அந்தச் செத்தவீட்டுக்குக் கந்தளாயிலிருந்து வரவேண்டியவர்களே வர முடியவில்லை. சின்னம்மா மரணசாதனம், அதாவது உயில், எதுவும் எழுதவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு விடையை மட்டும் எழுதாதே, வழியையும் எழுது என்று அடித்துச் சொல்லிக்கொடுத்தவர், தன் காரியத்தில் இரண்டையுமே எழுதாமல் போய்விட்டார்.

முதலில் எல்லோரும் கேட்பது: கோட்டுக்குப் போகத்தான் வேண்டுமா? கிராம சேவகரிடம் ஒரு கடிதம் வாங்கினால் போதாதா? போதாது. இன்னார் இன்னாரின் உறவு என்று கிராம சேவகர் உறுதிப்படுத்தலாம். காணிக்கு உரிமை அந்தக் கடிதத்தால் வராது. இறந்தவரின் சொத்து 40 இலட்சம் ரூபாய்க்கு மேல் போனால், நீதிமன்றத்தில் நிர்வாகக் கடிதம் (சொத்தை நிர்வகிக்க ஒருவருக்குக் கோட்டு கொடுக்கும் அதிகாரம்) எடுக்காமல் அந்தக் காணியைக் கைமாற்றி எழுதும் உறுதி செல்லாது. உப்புவெளியில் ஹோட்டல்கள் வந்த பிறகு 20 பேர்ச் காணி என்ன விலைக்குப் போகிறது என்று உங்களுக்கே தெரியும். பழைய சமையல் குசினியும் ஓடு கழன்ற விறாந்தையுமாக இருந்தாலும் சின்னம்மாவின் வீடு அந்த எல்லையைத் தாண்டித்தான் நின்றது.

மரணசாதனம் இருந்தால் அதைக் கோட்டில் ஒப்புவித்து உறுதிப்படுத்துவது ஒரு வழி. இல்லாவிட்டால் வாரிசு ஒருவர் நிர்வாகக் கடிதம் கேட்டு மனுப் போடுவது மற்ற வழி. இரண்டையும் சனங்கள் ரெஸ்டமென்ரரி கேஸ் என்றே சொல்வார்கள். இறந்தவர் இருந்த இடத்து மாவட்ட நீதிமன்றத்தில் போட வேண்டும். மனுதாரர் அம்மா. இலங்கையில் எஞ்சியிருந்த ஒரே கூடப்பிறப்பு அவர்தான். அம்மாவுக்கு முழங்கால் மடங்காது. ஓட்டோவில் ஏற்றி இறக்குவது, பைல் தூக்குவது, போட்டோக்கொப்பி எடுப்பது எல்லாம் என் பங்கு.

லோயர் எங்களிடம் உறுதி கேட்பார், வங்கிக் கொப்பி கேட்பார் என்று நினைத்துப் பை நிறையக் கொண்டுபோனோம். அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் குறுக்காக வைத்தார். "அம்மா, உங்கட அப்பா அம்மாவில இருந்து தொடங்குங்க. எத்தினை பிள்ளைகள், ஆர் ஆர் இருக்கினம், ஆர் ஆர் இல்லை, எல்லாரையும் சொல்லுங்க" என்றார். இந்த வழக்கில் கடினமான இடம் அந்தத் தாள்தான். உறுதி தொலைந்தால் பிரதி எடுக்கலாம். பெயர் பிழைத்தால் சத்தியக்கடதாசி முடிக்கலாம். குடும்பத்தில் யார் இருக்கிறார், யார் இல்லை என்று எழுதி அதன் கீழே கையெழுத்து வைப்பது வேறு விஷயம்.

அம்மா சொன்னார். மூத்தவர் பெரியமாமா, ரொறன்ரோவில் காலமாகிவிட்டார், மூன்று பிள்ளைகள். அடுத்தது தான். அடுத்தது சின்னம்மா. கடைசி சின்னமாமா.

"அவர் எங்க?"

"தொண்ணூறில காணாமப் போனவர்."

லோயர் பேனையை வைத்துவிட்டார். திருகோணமலையில் தொழில் செய்கிறவர், இந்தப் பதிலை அவர் முதல்முறை கேட்டிருக்க மாட்டார். ஒன்றும் பேசாமல் சின்னமாமாவின் பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

அந்த வட்டத்தைக் கொஞ்சம் விட்டுவைத்து மற்றதைச் சொல்லிவிடுகிறேன்.

உறுதி. தாத்தா சின்னம்மாவுக்கு நன்கொடையாக எழுதியது. அசல் தொண்ணூறாம் ஆண்டு வீட்டைப் போட்டுவிட்டு ஓடியபோது போய்விட்டது. காணிப் பதிவகத்தில் தேடி, அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுத்தோம். உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் தேடுவது சுலபம். தெரியாவிட்டால், பக்கத்துக் காணிக்காரரின் உறுதியில் உங்கள் காணியின் பெயர் எல்லையாக வந்திருக்கும், அதைப் பிடித்துப் போகலாம் என்று அங்கே இருந்த வயதான ஒருவர் சொல்லித் தந்தார். எங்களுக்கு அந்தப் பாடு வரவில்லை. சின்னம்மா தன் பழைய டயறி ஒன்றின் பின்பக்கத்தில் உறுதி இலக்கத்தை எழுதி, கீழே கோடும் போட்டு வைத்திருந்தார். பிரதி கைக்கு வந்ததும் அம்மா அதை ஓட்டோவிலேயே வாசித்தார். வடக்கே ஒழுங்கை, கிழக்கே இன்னாரின் காணி, தெற்கே இன்னாரின் வளவு, "இதனுள் அடங்கிய வீடு, கிணறு, வான்பயிர், செய்பயிர் சகலதும்." கிழக்கே இருந்தவர் லண்டன் போய் முப்பது வருடம். அந்தக் காணியில் இப்போது வெள்ளைக்காரர் தங்கும் விடுதி. தெற்கே வளவும் இல்லை, வேலியும் இல்லை, மதில்தான். வான்பயிரில் மிஞ்சியது ஒரு மாமரமும் இரண்டு தென்னையும்.

பெயர்ப் பிரச்சினை எல்லா வீட்டிலும் இருக்கும், இதை மட்டும் முதலே பார்த்து வையுங்கள். சின்னம்மாவின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பெயரின் பின்னால் 'அம்மா' ஒட்டியிருந்தது. அடையாள அட்டையில் அது இல்லை. உறுதியில் தாத்தாவின் பெயர் 'பிள்ளை' சேர்ந்து நீண்டிருந்தது, ஓய்வூதியக் கடிதத்தில் ஒற்றை எழுத்தாகச் சுருங்கியிருந்தது. எல்லாப் பத்திரத்திலும் இருப்பது ஒரே சின்னம்மாதான் என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி. மரண அத்தாட்சிப் பத்திரத்தில் பெயரைக் கொடுக்கும்போது உறுதியில் உள்ளபடியும் பார்த்துக் கொடுங்கள். செத்தவீட்டுப் பதட்டத்தில் பக்கத்து வீட்டுப் பையனை அனுப்பிப் பதிவார்கள். அவன் தனக்குத் தெரிந்த பெயரைச் சொல்லிவிட்டு வருவான்.

வங்கி. நொமினி போட்டிருந்த நிலையான வைப்பு வழக்குக்குக் காத்திருக்கவில்லை. மரண அத்தாட்சிப் பத்திரத்தையும் தன் அடையாள அட்டையையும் கொண்டுபோய் அம்மா எடுத்துக்கொண்டார். நொமினி போடாத சேமிப்புக் கணக்கு நிர்வாகக் கடிதம் வரும்வரை பூட்டியே கிடந்தது. அதிலிருந்துதான் செத்தவீட்டுக் கடனை அடைக்கலாம் என்று இருந்தோம். அந்தக் கிளையில் ஒரு உத்தியோகத்தர், போகும் தடவையெல்லாம் புதிதாக ஒரு கடதாசி கேட்டார். கடைசியில் நான் கடைக் கணக்கு எழுதும் கொப்பியில் அவர் கேட்டதையெல்லாம் எழுதி, "இதுக்குக் கீழ ஒரு கையெழுத்து வையுங்க, இனி ஒண்டும் கேக்க மாட்டம் எண்டு" என்று நீட்டினேன். கையெழுத்து வைக்கவில்லை. கேட்பது நின்றது.

உங்கள் அப்பா அம்மா உயிரோடு இருந்தால் இன்றைக்கே கேளுங்கள், வங்கிக் கொப்பி எல்லாவற்றுக்கும் நொமினி போட்டிருக்கிறதா என்று. பிள்ளை கண் வைக்கிறது என்று நினைப்பார்கள். நினைக்கட்டும்.

வயல். தம்பலகாமத்தில் சின்னம்மாவின் பெயரில் கொஞ்சம் பேர்மிட் வயல், அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தது, இருந்தது. அது இந்த வழக்குக்குள் வராது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணிக்குப் பின்னுரித்தாளரைப் பெயர் குறிப்பது வேறு வழி, பிரதேச செயலகக் காணிப் பிரிவில் பார்க்க வேண்டியது. சின்னம்மா என் தம்பியின் பெயரைக் கொடுத்து வைத்திருந்ததால் பிரச்சினை இல்லாமல் முடிந்தது. பெயர் குறிக்காமல் இறந்தால், முன்பெல்லாம் பெண்பிள்ளை மூத்தவளாக இருந்தாலும் ஆண்பிள்ளைதான் முந்துவான். 2022 இல் வந்த திருத்தத்தோடு அந்தப் பேதம் எடுபட்டது. வயல் எனக்கு வரவில்லையே என்ற கதை இங்கே வேண்டாம். தம்பியும் இதை வாசிப்பான்.

சரி, வெளிநாட்டு வாரிசுகள். இறந்தவருக்குப் புருஷன், பெண்சாதி, பிள்ளைகள், தாய் தகப்பன் யாரும் இல்லையென்றால் கூடப்பிறந்தவர்களுக்குச் சம பங்கு. கூடப்பிறந்தவர் ஒருவர் முதலே இறந்திருந்தால் அவருடைய பங்கு அவர் பிள்ளைகளுக்கு. இது பொதுச் சட்டம். ஆள் யாழ்ப்பாணத்தவரா, அவர்களுக்கான வழக்கச் சட்டமான தேசவழமை வருமா என்று லோயர் பிறந்த ஊரைத் துருவிக் கேட்பார், அதற்கும் பதில் வைத்திருங்கள். பெரியமாமாவின் பிள்ளைகளில் இரண்டு பேர் ரொறன்ரோவில், ஒருத்தி லண்டனில். மூன்று பேரின் சம்மதமும் எழுத்தில் வேண்டும், கோட்டில் அவர்களுக்காக நிற்க இங்கே ஒருவருக்கு அற்றோனித் தத்துவமும் வேண்டும். ரொறன்ரோவில் இலங்கைத் துணைத் தூதரகத்திலும் லண்டனில் உயர்ஸ்தானிகராலயத்திலும் போய்க் கையெழுத்து வைத்து அனுப்பினார்கள். இங்கே வந்ததும் அதைப் பதிய வேண்டும். பதியாமல் பைலில் வைத்துவிட்டு ஒரு தவணை முழுக்க வீணாக்கிய வீட்டை எனக்குத் தெரியும். பெரியமாமாவின் மரணச் சான்றிதழும் கனடாவிலிருந்து வரவேண்டி இருந்தது. அது வருவதற்குள், "இதெல்லாம் ஒன்லைனில் செய்ய ஏலாதா" என்று லண்டன் மச்சாள் குடும்ப வட்சப் குழுவில் மூன்று மொழியில் கேட்டுவிட்டாள்.

இனி அந்த வட்டம்.

சின்னமாமாவுக்கு அப்போது இருபத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. எப்படிப் போனார், யார் கூட்டிக்கொண்டு போனார்கள் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை, அது அம்மா சொல்ல வேண்டிய கதை. அம்மாவிடம் ஒரு பைல் இருக்கிறது. பொலிசில் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி, செஞ்சிலுவைக்கு எழுதியது, 1994 இல் அமைத்த ஆணைக்குழுவுக்குக் கொடுத்தது, பிறகு வந்த ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்தது. வீட்டில் சின்னமாமாவின் படம் இருக்கிறது. அதற்கு மாலை போடுவதில்லை, விளக்கும் வைப்பதில்லை. திவசம் கிடையாது. தாத்தாவின் படத்துக்குப் பக்கத்தில் கூட மாட்டவில்லை, எங்கள் கல்யாணப் படங்களோடு மாட்டியிருக்கிறது.

லோயரின் அலுவலகத்தில் இருந்த இளம் பிள்ளை ஒருத்தி, நல்ல பிள்ளை, வழியை விளக்கினாள். 2010 இல் வந்த மரணப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்தின்படி காணாமற்போன ஒருவரை இறந்தவராகப் பதிந்து மரண அத்தாட்சிப் பத்திரம் எடுக்கலாம். சின்னம்மாவுக்கு முதலே அவர் இறந்தார் என்று வந்தால், பிள்ளை குட்டி இல்லாததால் அவருக்குப் பங்கு இல்லை. சொத்து இரண்டாகப் பிரியும். அம்மாவுக்குப் பாதி, பெரியமாமாவின் பிள்ளைகளுக்குப் பாதி. அவரை உயிரோடு கணக்கில் எடுத்தால் மூன்றாகப் பிரியும். அவருடைய மூன்றிலொன்று யாரும் தொட முடியாமல் கிடக்கும், வீட்டை முழுதாக விற்கவும் முடியாது.

நான் கணக்குக்காரி. மூன்றிலொன்றுக்கும் இரண்டிலொன்றுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு விளங்கும். இருபது பேர்ச்சில் அது எத்தனை பேர்ச், எத்தனை இலட்சம் என்று அங்கே இருந்தபடியே மனதில் கூட்டியும் விட்டேன்.

அம்மா அந்தப் பிள்ளையைப் பார்த்து, "அவன்ர பங்கைத் தின்ன நான் அவனைச் சாகக் குடுக்கிறதோ?" என்றார்.

சத்தம் போடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. லண்டன் மச்சாள் மட்டும் எடுத்தாள். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, நடைமுறையாக யோசிக்க வேண்டாமா என்று கேட்டாள். அவள் கேட்டதில் பிழையில்லை. சின்னமாமா போனபோது அவள் பிறக்கவே இல்லை. ரொறன்ரோவில் மூத்த மச்சான், "மாமி சொன்னால் சரி, இனி இதைக் கதைக்க வேண்டாம்" என்று எழுதினார். குழுவில் இரண்டு கிழமை யாரும் காலை வணக்கம் கூடப் போடவில்லை.

இந்த இடத்தில் பல வீடுகள் தடக்குப்படுகின்றன. இறந்தவர் என்று பதியவும் மனம் வராது, உயிரோடு இருக்கிறார் என்று காட்டவும் ஆள் இல்லை. 2016 இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது நடுவில் ஒரு வழி திறந்தார்கள். காணாமல்போனமைக்கான சான்றிதழ். ஆள் இறந்தார் என்று அது சொல்லாது. காணவில்லை என்று அரசாங்கமே எழுத்தில் ஒத்துக்கொள்ளும். காணாமற்போனவரின் சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிப்பது போன்ற அலுவல்களுக்கு அதைக் காட்டலாம். எதற்காகச் சேர்த்தார் என்று நாங்கள் எல்லோரும் பகிடி பண்ணிய அம்மாவின் பைல் அப்போதுதான் வேலைக்கு வந்தது. முறைப்பாட்டுப் பிரதி இருக்கிறதா, ஆணைக்குழு இலக்கம் இருக்கிறதா என்று கேட்கக் கேட்க அம்மா எடுத்து வைத்துக்கொண்டே இருந்தார். இதெல்லாம் இல்லாதவர்களுக்கு இந்த வழி நீளம். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தில் பதிந்திருந்தால் அதையும் தேடி எடுங்கள்.

சின்னமாமா மனுவில் நான்காம் எதிர்மனுதாரர். எதிர்மனுதாரர் என்றதும் அம்மா பயந்துவிட்டார், தம்பிமேல் வழக்குப் போடுகிறோமோ என்று. வாரிசாக இருந்து, மனுதாரராக இல்லாத எல்லோரையும் அப்படித்தான் எழுதுவார்கள் என்று லோயர் விளங்கப்படுத்தினார். மனு, சத்தியக்கடதாசி, வாரிசு விபரம், சொத்து விபரம், கடன் விபரம், சம்மதக் கடிதங்கள் எல்லாம் போட்டாயிற்று.

தவணை நாளில் காலை வெள்ளெனவே போய் வாங்கில் இடம் பிடித்தோம். மாவட்ட நீதிமன்றத்தில் நம் வழக்கு எப்போது எடுபடும் என்று யாருக்கும் தெரியாது. காணி வழக்கு, கடன் வழக்கு, விவாகரத்து எல்லாம் ஒரே மண்டபத்தில். பைல்களைச் சிவப்பு நாடாவால் கட்டி அடுக்கி வைத்திருந்தார்கள். மேலே காற்றாடி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் முனகியது. முதலியார் என்று சொல்லும் கோட்டு மொழிபெயர்ப்பாளர் எங்கள் இலக்கத்தை வாசித்ததும் லோயர் எழும்பினார், அம்மாவும் என்னைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். ரொறன்ரோ, லண்டன்காரர் மூவருக்கும் ஆள் ஆஜர். பிறகு நான்காம் எதிர்மனுதாரரின் பெயர். கோட்டுப் பியோன் வாசலுக்குப் போய், விறாந்தையைப் பார்த்து, தாத்தாவின் பெயரையும் சேர்த்து முழுப் பெயரையும் மூன்று தரம் கூப்பிட்டார். வெளியே நின்றவர்கள் திரும்பித் திரும்பித் தங்களுக்குள் பார்த்தார்கள். ஒரு வயதான ஆள் தன்னைத்தான் கூப்பிடுகிறார்களாக்கும் என்று இரண்டு அடி முன்னுக்கு வந்துவிட்டுப் பின்வாங்கினார்.

"ஆள் இல்லை" என்று பியோன் உள்ளே சொன்னார்.

அம்மா என் காதுக்குள், "இன்னும் கொஞ்சம் பலமாக் கூப்பிட்டிருக்கலாம்" என்றார்.

லோயர் சான்றிதழைக் காட்டினார். நீதிபதி வாங்கி வாசித்தார், அம்மாவை ஒரு தரம் பார்த்தார், அடுத்த தவணையைக் கொடுத்தார். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. எங்கள் வழக்கில் நடந்தது இதுதான். உங்கள் லோயர் வேறு வழி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

அதன் பிறகு பத்திரிகை அறிவித்தல். இறந்தவரின் பெயர், வழக்கு இலக்கம், ஆட்சேபனை இருந்தால் இந்தத் திகதிக்குள் தெரிவிக்கவும் என்று சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் வரும். ஆட்சேபனை வராது என்று தெரிந்தாலும் அந்தத் திகதி கழியும்வரை வயிற்றுக்குள் ஒரு கலக்கம் இருக்கும். எங்களுக்கு ஆட்சேபனை வரவில்லை, காணி புரோக்கர்மார் வந்தார்கள். அறிவித்தலை வாசிப்பதே அவர்களுடைய தொழில் போல. ஒருவர் கொழும்பிலிருந்து கூப்பிட்டு, "மேடம், உங்கள் இழப்புக்கு ஆழ்ந்த அனுதாபம், காணிக்கு முன்பக்கம் எத்தனை அடி?" என்று ஒரே மூச்சில் கேட்டார்.

அப்புறம் அம்மா சத்தியம் செய்தார், பிணைமுறியில் கையெழுத்து வைத்தார், நிர்வாகக் கடிதம் கிடைத்தது. கடிதம் வந்தால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். இறந்தவரின் சொத்து எல்லாவற்றுக்கும் பட்டியலும் மதிப்பீடும் கொடுக்க வேண்டும், வரவு செலவெல்லாம் முடித்து இறுதிக் கணக்கும் கொடுக்க வேண்டும். இறுதிக் கணக்குக்கு ஒரு வருடம்தான் தவணை. இந்தப் பகுதி எனக்குக் கைவந்த வேலை. முதல் நாளிலிருந்தே ரசீதுகளை ஒரு கோவையில் போட்டு வந்தேன். செத்தவீட்டுச் செலவு, நில அளவையாளரின் கூலி, மதிப்பீட்டாளரின் கூலி, சோலைவரி, மின்சாரம். ஓட்டோக்காரரிடமும் துண்டு எழுதி வாங்கினேன். அவர் இப்போது என்னைக் கண்டாலே சிரிக்கிறார்.

வீட்டுச் சாமான் பட்டியல் எழுதத்தான் நேரம் எடுத்தது. சிங்கர் தையல் மெசின் ஒன்று. இரண்டு பவுண் சங்கிலி ஒன்று. மர அலுமாரி, கண்ணாடி வெடித்தது. அலுமாரிக்குள் கணிதப் புத்தகங்கள், விடைத்தாள் கட்டுகள், சோக்குப் பெட்டி. விடைத்தாளுக்கு என்ன பெறுமதி போடுவது என்று மதிப்பீட்டாளரைக் கேட்டேன். பழைய பேப்பர் கிலோ விலை என்றார். அதில் ஒரு கட்டில் என் பத்தாம் வகுப்பு விடைத்தாளும் இருந்தது, நூற்றுக்கு முப்பத்தெட்டு. அதை மட்டும் பட்டியலில் சேர்க்காமல் எடுத்துக்கொண்டேன். கோட்டில் யாரும் கேட்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

வீட்டை இப்போது வாடகைக்குக் கொடுத்திருக்கிறோம். வாடகையில் மூன்றிலொன்று தனிக் கொப்பியில் போகிறது. லண்டன் மச்சாள் போன ஆடியில் வந்து, மாமரத்தைப் பார்த்துவிட்டு, தன் பிள்ளைகளைக் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்க வைத்துப் படம் எடுத்துவிட்டுப் போனாள். விற்கும் கதை எடுக்கவில்லை. அவள் எடுத்தாலும் பிழை சொல்ல மாட்டேன். அவளுக்கும் வீட்டுக்கடன் இருக்கிறது.

இதற்குள் அம்மா ஒரு வேலை செய்தார். என்னிடம் சொல்லாமல், அந்த ஓட்டோக்காரரையே பிடித்து, நொத்தாரிசிடம் போய்த் தன் மரணசாதனத்தை எழுதிவிட்டு வந்தார். நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் இருந்தால் போதும். நொத்தாரிசு இல்லாமல் எழுதுவதென்றால் ஐந்து சாட்சி வேண்டும். இதையும் அம்மாதான் எனக்குச் சொன்னார், ஏதோ நான் தெரியாதவள் போல. சின்னமாமாவுக்கும் ஒரு பங்கு எழுதியிருக்கிறாராம். அவர் வராவிட்டால் அது யாருக்கு என்பதையும் எழுதியிருக்கிறாராம். அது யார் என்று தம்பி கேட்டு நல்லாக வாங்கிக் கட்டிக்கொண்டான். நான் கேட்கவில்லை. ஓட்டோக்காரர்தான் ஒரு சாட்சி, அவருக்குத் தெரிந்திருக்கும்.